பேரை மூடிவைத்துக் கேள்

அன்பு அம்மிணி கயலுக்கு,

போனில் சொன்னால் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று கேட்டுக்கொண்டு, கடைசியில் உன் இஷ்டப்படிதான் செய்வாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதமென்றால் எங்காவது மடித்து வைப்பாய். வேண்டும்போது கைக்கு அகப்படும்.

நேற்று உங்கம்மா கூப்பிட்டுப் புலம்பித் தீர்த்தாள். ஸ்கூட்டரை மாற்ற வைத்திருந்த காசை நீ ஏதோ சவுண்டுப் பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டப் போகிறாயாம். பள்ளிக்கூட லீவில் உன்னை ரேடியோ நிலையத்துக்குக் கூட்டிப்போய் இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டது நான்தானாம். அக்காவிடம் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் உன் சேதியைப் படித்ததிலிருந்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வேலை முடிந்து வந்து, போனைத் தள்ளிவைத்துவிட்டு, பாட்டை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை நம் வீட்டில் ஒன்றாவது இருக்கிறதே.

டெனாஃப்ரிப்ஸ் டெர்மினேட்டர், டாப்பிங் டி90எஸ்இ, கார்ட் ஹ்யூகோ டிடி2 என்று மூன்று டாக்கை இரவல் வாங்கி வந்திருக்கிறாய். தீபாவளிக்குள் ஒன்றை முடிவுசெய்ய வேண்டும் என்கிறாய். "எதுங்க மாமா நல்லாருக்கும்?" என்று கேட்டதோடு நிற்கவில்லை, ஒன்றுக்கு 'வெதுவெதுப்பு', ஒன்றுக்குப் 'பளிங்கு', ஒன்றுக்கு 'உயிர்' என்று பட்டமும் கொடுத்துவிட்டாய். பெட்டியைப் பிரித்த ராத்திரியிலேயே பட்டமா! கோழிக்குஞ்சு பொரித்த அன்றே அத்தனைக்கும் பேர் வைத்து முடிக்கிற பிள்ளைதானே நீ.

மூன்றுக்கும் வேலை ஒன்றுதான். சி.டி. தரத்துப் பாட்டென்றால் ஒவ்வொரு காதுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றை மறுபடி மின்னழுத்தமாக்கி ஆம்ப்புக்குத் தர வேண்டும். டெனாஃப்ரிப்ஸ் அதை மின்தடை ஏணியால் செய்கிறது. தராசுத் தட்டில் எடைக்கல் வைக்கிற மாதிரி, ஒவ்வொரு பிட்டுக்கும் அதனதன் எடை உண்டு. பெரிய கல் பிசகினால் சின்னக் கல்லுக்கு மதிப்பே இல்லை. 16 பிட்டுக்கு 65,536 படிகள். மிகப் பெரிய பிட்டில் ஒரு படி அளவு தவறு வந்தாலே கடைசி பிட் வீணாகிவிடும். ஏணி முறைப் பெட்டிகள் விலை ஏறுவதற்குத் துல்லியமான மின்தடைகளைப் பொறுக்கிச் சேர்ப்பது ஒரு பெரிய காரணம். டாப்பிங்கில் இருப்பது ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் டெல்டா-சிக்மா சில்லு. அது விநாடிக்குப் பல லட்சம் தடவை சின்னச் சின்னதாக மேலும் கீழும் தட்டும். அதில் கிளம்பும் இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி, பிறகு வடிகட்டிவிடும். கார்டில் டாக் சில்லென்று கடையில் வாங்கி வைத்தது எதுவும் கிடையாது. ராப் வாட்ஸ் என்ற வடிவமைப்பாளர் எழுதிய கணக்குதான், வேண்டியபடி நிரல் எழுதி அமைக்கிற ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சில்லுக்குள் ஓடுகிறது. இதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் "ஏணி முறை" என்று படித்த நிமிஷமே வெதுவெதுப்பு கேட்கத் தொடங்கிவிடுகிறதே, அங்கேதான் உன்னைப் பற்றி எனக்குக் கவலை.

டாக்குக்கு டாக் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்ற பேச்சும் சும்மா கிளம்பியதில்லை. 1982இல் முதல் சி.டி. பிளேயர்கள் வந்தபோது சோனியின் சிடிபி-101இல் இரண்டு காதுக்கும் ஒரே டாக். இடதும் வலதும் முறை வைத்து அதைப் பயன்படுத்தின. பிலிப்ஸ் கையில் 14 பிட் சில்லுதான் இருந்தது. நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் செய்து, அதாவது எண்களுக்கு நடுவில் கூடுதல் எண்களைக் கணக்கிட்டு நிரப்பி, ஈடுகட்டினார்கள். அன்றைக்கு ஆளுக்கொரு குறை, ஆளுக்கொரு சமாளிப்பு. இன்றைக்கு அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்கிற ஆப்பிள் போன் ஒயருக்குள் இருக்கும் டாக்கே சி.டி. தரத்துக்குத் தாராளமாகப் போதும். குறைகள் போய்விட்டன. அவற்றை வர்ணித்த வார்த்தைகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன.

காது எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தறியும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவை நேராகவும், நடுவில் ஒரு 16 பிட் சுற்றுக்குள் அனுப்பி எடுத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். கேட்பவருக்கு எது எதுவென்று தெரியாது. 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் பார்த்தாலும் அவ்வளவுதான் வரும். 2016இல் ஜோஷுவா ரைஸ் இந்த வகைச் சோதனைகள் 18ஐச் சேர்த்து அலசியபோது 52.3 சதவீதம் வந்தது. ஆக, எதுவுமே கேட்காது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இருந்தாலும் அந்த 2.3 சதவீதத்தை நம்பியா ஸ்கூட்டர் காசைப் போடுவாய்?

சரி, உனக்குக் கேட்டது பொய்யா? பொய்யில்லை கண்ணு. நீ ஏதோ ஒன்றைக் கேட்டிருக்கிறாய். அது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் நான் சொல்லப்போவது.

முதலில் சவுண்டு அளவு. ஒரு டாக் 2 வோல்ட் தரும், இன்னொன்று 2.5 வோல்ட் தரும். ஆம்ப்பில் கையே வைக்காமல் ஒயரை மட்டும் மாற்றினால் கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடிவிடும். அதைவிடக் கம்மியாக, அரை டெசிபல் ஏறினாலும் காது "சத்தம் கூடிவிட்டது" என்று சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, பேஸ் நன்றாக இறங்குகிறது" என்றுதான் சொல்லும். நம் காதின் அமைப்பு அப்படி. தாழ்ந்த ஒலியில் அடிச்சுரங்கள் நமக்கு மங்கலாகக் கேட்கும் என்பதை ஃப்ளெச்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டிவிட்டார்கள்.

அதனால் அந்தப் பழைய மல்டிமீட்டரை எடு, பாலிடெக்னிக் சேர்ந்தபோது நான் கொடுத்தது, தொலைத்திருக்க மாட்டாய். ஏ.சி. வோல்ட்டில் வை. 100 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றைப் பாடவிட்டு, ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஒயர் சேரும் இடத்தில் அளந்து பார். சாதாரண மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லக்கூடும், 100இல் நம்பலாம். முதல் பெட்டியில் 2.00 வோல்ட் காட்டினால் மற்ற இரண்டிலும் 1.98க்கும் 2.02க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு சதவீதத்துக்குள் என்றால் 0.1 டெசிபலுக்குள் என்று அர்த்தம். அளக்கும்போது நுனி இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள், ஆம்ப் போய்விடும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே உன் பட்டங்களில் ஒன்றிரண்டு உதிரும் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, பேரை மூடு. உன்னோடு தங்கியிருக்கிற பொண்ணை ஒயர் மாற்றச் சொல். பூவா தலையா போட்டு எந்தப் பெட்டி என்று அவளே முடிவு செய்யட்டும், நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். நீ உன் நோட்டில் எழுது. இரண்டிரண்டு பெட்டியாக 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உன் காதுக்கு நிஜமாகவே ஏதோ எட்டுகிறது. குருட்டாம்போக்கில் அது வருவதற்கு நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். ஒரே மூச்சில் 16ஐயும் முடிக்காதே, காது களைத்துவிடும். நுணுக்கமான நாதத்தைக் காது சில விநாடிதான் நினைவில் வைத்திருக்கும். அதனால் சின்னத் துண்டாக, பத்து விநாடி அளவில் எடுத்துக்கொண்டு உடனுக்குடன் மாற்றிக் கேள்.

எதைக் கேட்பது? நிலையத்தில் நாங்கள் மைக்கைச் சோதிக்கும்போது தம்புராவைத்தான் முதலில் மீட்டச் சொல்வோம். தந்தியை விட்ட நொடியில் வருவதை விட்டுவிடு. அதற்குப் பின்னால் ஜீவாளியிலிருந்து மேல்சுரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி, ஒன்று தேயும்போது இன்னொன்று துலங்கும். அந்த இழை கடைசிவரை அறுபடாமல் வருகிறதா என்று பார். அப்புறம் மிருதங்கம் தனியாக இருக்கும் இடம். வலந்தலையில் சாப்பு விழுந்த பிறகு அதன் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது, தொப்பியில் கும்கி கொடுக்கும்போது சுரம் வழுக்கி ஏறுவது கேட்கிறதா, இல்லை வெறும் 'தொம்'தானா? பாடகர் மூச்செடுப்பது, வயலினில் வில் திரும்பும் இடத்து உரசல், இதெல்லாம் நல்ல பதிவுகளில் கிடைக்கும். ஒரு சேதி சொல்கிறேன்: மைக்கை ஓர் அடி நகர்த்தினால் மிருதங்கத்தின் குணமே மாறிப்போகும். அந்த அளவு மாற்றத்தை எந்த டாக்கும் எனக்குக் காட்டியதில்லை.

நிஜமாகவே வித்தியாசம் கேட்கக்கூடிய இடங்களும் உண்டு. டெர்மினேட்டரில் ஓவர்சாம்பிளிங்கை நிறுத்தும் வசதி இருக்கிறது, என்.ஓ.எஸ். என்பார்கள். அதில் வைத்தால் 44,100 பதிவுகளில் 20,000 ஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 3 டெசிபல் சரிந்துவிடும். இளங்காதுக்கு அது கொஞ்சம் மென்மையாகத் தெரியலாம். உன் 'வெதுவெதுப்பு' அங்கேயிருந்து வந்ததா என்று அந்தப் பொத்தானைப் பார். இப்போதைய சினிமாப் பாட்டுகளை உச்சந்தலை முட்டும்படி சத்தமாக மாஸ்டர் செய்கிறார்கள். இரண்டு எண்களுக்கு நடுவில் அலை எல்லை தாண்டிப்போகும். அதற்கு இடம் விட்டு வடிவமைத்த டாக்குகள் உண்டு, விடாதவையும் உண்டு. இடம் விடாததில் கரகரப்பு வரலாம். லேப்டாப்பிலிருந்து வரும் இரைச்சலும் இருக்கிறது. சார்ஜர் போட்டபடி லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று இழுக்குமே, அந்தக் கசிவு யு.எஸ்.பி. வழியாகப் பாட்டில் ஏறும். ஆப்டிகல் ஒயர் போட்டுப் பார். இரைச்சல் நின்றால் டாக் மேல் பழி இல்லை. வீட்டு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை.

இனி உன் ரூம். 12 அடி நீளம் என்று சொன்ன ஞாபகம். நாலு பக்கமும் கான்கிரீட். அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் எழும்பும். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் படியிறங்கி வரும்போது ஒரே ஒரு சுரம் மட்டும் 'பொம்' என்று வீங்குகிறதா? அதுதான். இந்த மாதிரி அறைகளில் 10 டெசிபல் ஏற்ற இறக்கம் சாதாரணம். சத்தத்தைச் சமப்படுத்தி, என்.ஓ.எஸ்.ஸையும் நிறுத்திவிட்டால், உன் மூன்று பெட்டிகளுக்குள் உள்ள வித்தியாசம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. நாற்காலியைப் பின்சுவரை விட்டு மூன்றடி முன்னால் இழு. ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடு. பக்கவாட்டில் கண்ணாடி ஜன்னலுக்குக் கனமான திரை போடு. அது கூர்மையான ஒலிகளை மட்டும்தான் அடக்கும், 'பொம்'முக்கு நாற்காலியைத்தான் நகர்த்த வேண்டும். அப்புறம் அந்த சீலிங் ஃபேன். சென்னைப் புழுக்கத்தில் நிறுத்து என்று எப்படிச் சொல்வேன்? அடுத்தடுத்து மாற்றிக் கேட்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காவது நிறுத்து.

உன் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. மெட்ரோவில் காதுக்குள் திணித்துக்கொண்டு போகிறாய். வெளிச்சத்தத்தை அமுக்க வால்யூமை ஏற்றுகிறாய். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். கச்சேரிக்குப் போய்விட்டு வந்து காதில் 'ங்ங்' என்று கேட்டால் மறுநாள் முழுக்க ஹெட்போன் தொடாதே. காதுக்குள் இருக்கிற மயிரணுக்கள் போனால் மறுபடி முளைக்காது அம்மிணி. மேல்சுரங்கள்தான் முதலில் போகும், அதாவது நீ தம்புராவில் தேடப்போகிற அந்த இழை.

இன்னொன்று. போன தடவை ஊருக்கு வந்தபோது கவனித்தேன், ஒரு பாட்டைக்கூட நீ கடைசிவரை கேட்கவில்லை. பல்லவி முடிந்ததும் விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. இரண்டாவது இடையிசையில் ஒரு புல்லாங்குழல் வரும், பொறு என்று நான் சொல்வதற்குள் வேறு பாட்டு. லட்ச ரூபாய்ப் பெட்டி வைத்துக்கொண்டு முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் கேட்பதா? ராத்திரிக்கு ஒரு பாட்டு போதும். முழுசாகக் கேள். ராக ஆலாபனையென்றால் பாதியில் எழுந்திருக்காதே.

என் அபிப்பிராயத்தைக் கேட்டாய், மழுப்ப மாட்டேன். பேரை மூடிக் கேட்ட பிறகும் உன் நோட்டில் 12 வரவில்லை என்றால், மூன்றில் விலை குறைந்ததை எடு. அந்த மிச்சத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம், ஸ்கூட்டரும் மாற்றலாம். 12 வந்து, எது உன் மனசுக்குப் பிடிக்கிறது என்றும் தெரிந்துவிட்டால், தயங்காமல் வாங்கு. உங்கம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு, அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். இரவல் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது எந்த ஒயர் எந்தப் பெட்டியுடையது என்று சீட்டு ஒட்டிக் கொடு; அந்தப் புண்ணியவான்கள் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அத்தை முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், வெள்ளிக்கிழமை பார்சல் வரும்.

அன்புடன்,
மாமா