வெட்டுகிற இடம்

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் கிள்ளானுக்கு வந்தபோது உன் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நேர்கோடு பாடத்தில் நீ கண்டுபிடித்த எண்களெல்லாம் சரி, இடம்தான் மாறிக் கிடந்தது. எக்ஸ் பிந்தாசான் கேட்டால் எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறாய். அது கவனக்குறைவு இல்லை கண்ணு. ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் போட்டவள், இடைநிலைப்பள்ளியில் மலாய்ச் சொல்லை அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்திருக்கிறாய். 'ஜாலான் பிந்தாஸ்' என்றால் குறுக்குவழிதானே? குறுக்கே வெட்டுவதுதான் பிந்தாஸ். கோடு அச்சை வெட்டுகிற இடம்தான் பிந்தாசான், தமிழில் வெட்டுத்துண்டு என்போம்.

புரட்டாசிச் சனிக்கிழமை. சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகுமுன் தெங்கு கிளானா சாலையில் பூ வாங்குகிறாய். கையில் 30 ரிங்கிட். மல்லிகைச் சரம் 5 ரிங்கிட், தேங்காய் 3 ரிங்கிட் என்று வைத்துக்கொள். சரம் எக்ஸ், தேங்காய் ஒய்.

5எக்ஸ் + 3ஒய் = 30

இப்போது '3ஒய்'யைக் கட்டைவிரலால் மூடு. தேங்காயே வேண்டாம், எல்லாக் காசுக்கும் பூ. 5எக்ஸ் = 30, ஆக 6 சரம். எக்ஸ் அச்சில் 6. அந்த அச்சின்மேல் நிற்கும்போது உயரமே கிடையாது, அதனால்தான் ஒய் பூஜ்யம். விரலை '5எக்ஸ்'மேல் நகர்த்து. பூ இல்லை, 10 தேங்காய். ஒய் அச்சில் 10.

இரண்டு புள்ளியையும் ஸ்கேல் வைத்துச் சேர். அத்தோடு விட்டுவிடாதே. 3 சரம், 5 தேங்காய்: 15 + 15 = 30. அந்தப் புள்ளியும் கோட்டில் விழுகிறதா என்று பார். விழாவிட்டால் எங்கோ தப்பு. பரீட்சையில் என்னைப் பலமுறை காப்பாற்றியது இந்த மூன்றாவது புள்ளிதான். 3 சரத்தைக் குறைத்தால் 5 தேங்காய் கூடுகிறது, கவனித்தாயா? உங்கள் புத்தகத்தில் 'கெச்சுருனான்' என்று வருகிற சாய்வு அதுதான்: −5/3.

5எக்ஸ் = 3ஒய் மாதிரி வந்தால் மட்டும் கட்டைவிரல் உதவாது. கோடு இரண்டு அச்சையும் பூஜ்யத்திலேயே வெட்டும், வேறொரு புள்ளி தேட வேண்டும். எக்ஸுக்கு 3 போடு, ஒய் 5 கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் வருவாய் அல்லவா, 4எக்ஸ் − 3ஒய் = 24 வரைந்து எடுத்து வா. விரலால் மூடும்போது கழித்தல் குறியை ஒய்யோடு சேர்த்தே மூடு. ஒய் அச்சைக் கோடு பூஜ்யத்துக்குக் கீழே வெட்டும், தாளில் அடியில் இடம் விட்டு வரை.

அன்புடன்,
அத்தை