பின்கதவைத் தாங்கும் தண்டு

மேற்கு வங்காளத்தில் சிலிகுரி என்ற ஊர் இருக்கிறது. அது மலையடிவார ஊர். அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு ஜீப்புகள் போகின்றன. டார்ஜிலிங் சுமார் 2000 மீட்டர் உயரத்தில் உள்ளது. முன்பின் தெரியாத பலர் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து போவார்கள். சில வண்டிகளில் பின்வரிசைக்காரர்கள் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும்.

அது ஒரு டிசம்பர் மாதக் காலை. மலையில் கடும் குளிர். ஜீப்பின் பின்கதவு மேலே தூக்கியிருக்கிறது. ஒரு பாட்டி குனிந்து ஏறுகிறார். கதவு மெல்ல இறங்கி வருகிறது.

"தாஜு, கதவு நிற்கவில்லை!" என்று உதவியாள் கத்துகிறார். நேபாளி மொழியில் தாஜு என்றால் அண்ணன்.

"மூங்கில் கழியை முட்டுக் கொடு, பாய்" என்கிறார் ஓட்டுநர். பாய் என்றால் தம்பி.

கழியில் யாராவது இடித்தால் என்ன ஆகும்? கண்ணாடியோடு சேர்ந்த கனமான கதவு பாட்டியின் தலையில் விழும். கழி ஒரு நாள் அவசரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் கழியை நம்பி ஓட்டக் கூடாது.

குவாலிஸ், இன்னோவா போன்ற வண்டிகளில் பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். பொலேரோவில் பக்கவாட்டில் திறக்கும். மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தாங்க, பக்கத்துக்கு ஒன்றாகத் தண்டுகள் இருக்கும். கடைகளில் 'டிக்கி ஷாக்கர்' என்று கேட்டால் தருவார்கள்.

தண்டு என்பது மூடிய குழாய். அதற்குள் நைட்ரஜன் வாயுவை அடைத்திருக்கிறார்கள். டயரில் உள்ள காற்றைவிட அதற்குப் பல மடங்கு அழுத்தம் உண்டு. வாயு ஒரு கம்பியை வெளியே தள்ளுகிறது. கம்பி கதவைத் தாங்குகிறது. குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெயும் உண்டு. கம்பி வெளிவரும் இடத்தில் ரப்பர் அடைப்பு இருக்கிறது. அடைப்பு தேய்ந்தால் வாயு கசியும்.

குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். ஆகவே, பழைய தண்டு காலையில் கதவைத் தாங்காது, நண்பகலில் தாங்கும். "வெயில் வந்தால் சரியாகிவிடுகிறதே" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். தண்டு தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

புதுத் தண்டு வாங்கும்போது உங்கள் எழுத்தறிவு உதவும். பழைய தண்டின் மேல் எண்கள் அச்சிட்டிருக்கும். 500 என்ற எண்ணும், பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கலாம். 'என்' என்பது நியூட்டன். அது தள்ளும் விசையின் அளவு. 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய 1 கிலோ எடையைத் தாங்கும் விசை. எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நீளமும் விசையும் ஒத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். ஒன்று புதியது, ஒன்று பழையது என்றால் கதவு கோணிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கதவைத் தூக்கிப் பிடிக்கட்டும். உறுதியான கட்டையும் முட்டுக் கொடுங்கள். தண்டின் இரு முனையிலும் குழிவான மூடி இருக்கும். அது ஓர் உருண்டையின் மேல் பொருந்தியிருக்கும். மூடியில் உள்ள கம்பிக் கொக்கியைச் சிறிய திருப்புளியால் சற்றே நெம்புங்கள். தண்டு கையோடு வந்துவிடும். ஒரு பக்கம் புதியதை மாட்டிய பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். கதவு மூடியிருக்கும்போது கம்பி கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் அடைப்பை நனைத்துக்கொண்டிருக்கும். கம்பியைக் குறடால் பிடிக்காதீர்கள். சிறு கீறல் விழுந்தாலும் அடைப்பு கெடும்.

கழற்றிய தண்டை அறுக்காதீர்கள். துளை போடாதீர்கள். தீயில் போடாதீர்கள். கதவைத் தாங்காத தண்டிலும் அழுத்தம் மிச்சம் இருக்கும். அது வெடித்தால் கண் போய்விடும். பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிவிடுங்கள்.

வண்டிக்குக் கீழேயும் இதைப் போன்ற உறுப்பு உண்டு. அது ஷாக் அப்சார்பர். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஆடுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு முறை எழும்பி நின்றால் நல்லது. பல முறை ஆடினால் அது தேய்ந்துவிட்டது. தேய்ந்த வண்டி மலை வளைவில் சக்கரத்தைத் தரையில் அழுத்தமாக வைத்திருக்காது. பிரேக் பிடித்தால் நிற்கவும் அதிக தூரம் ஆகும்.

பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாம். பெரும்பாலும் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தூக்கியதும் இரும்புத் தாங்கிகளில் வண்டியை நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. போல்டுகளைக் கடைசியாக இறுக்குவது வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

சுருள் ஸ்பிரிங்குக்குள் ஷாக் அப்சார்பர் இருந்தால் நீங்கள் பிரிக்காதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். அது பட்டறைக்காரரின் வேலை.

பயிற்சி

1. பழைய தண்டில் 450 நியூட்டன் என்று எழுதியிருக்கிறது. அது ஏறக்குறைய எத்தனை கிலோவைத் தாங்கும் விசை?

2. காலையில் இறங்கும் கதவு நண்பகலில் ஏன் நிற்கிறது?

3. உங்கள் ஊர் வண்டி ஒன்றின் தண்டில் உள்ள எண்களைப் பார்த்து எழுதுங்கள்.