மனந்திரும்புதல்

மனந்திரும்புதல் என்னும் தொடரை ஆராய்வோமாயின் ஒரு நயம் புலப்படும். புதிய ஏற்பாட்டில் இதற்கு நேரான கிரேக்கச் சொல் மெட்டனோயா. அது மனம் மாறுதலைக் குறிக்கும். பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல்லாகிய ஷூப் என்பதோ திரும்பி வருதலாம். இவ்விரு பொருளையும் நம் தமிழ்த்தொடர் ஒருங்கே ஏந்தி நிற்கின்றது. கண்ணீர் அதனுள் இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

கொலை முதலிய கொடுமை செய்தார்க்கே இஃது உரியது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அகுஸ்தீன் அவ்வாறு எண்ணிலர். பதினாறாம் வயதில், தோழரோடு இரவிற் சென்று அயலாரின் பேரிக்காய்களைத் திருடியதை, ஆயரான பின்னர்த் தம் அறிக்கை நூலிற் பல பக்கம் விரித்தெழுதினார். பசியில்லை, அவற்றினும் நல்ல காய்கள் அவரிடம் இருந்தன, திருடியவற்றிற் பெரும்பாலன பன்றிகளுக்கு இரையாயின. தீமையைத் தீமைக்காகவே விரும்பியதன்றோ அவரை வாட்டியது! இரவல் நூலை மறந்தார்போல் வைத்துக்கொள்வதும், வாராத தோழனுக்காக வருகை கூறுவதும் மாணவராகிய நமக்கு விளையாட்டே. பேரிக்காயும் விளையாட்டாகவே தொடங்கிற்று.

திரும்பும் மனத்திற்குச் செவியும் வேண்டும். 386 ஆம் ஆண்டில் மிலான் நகரத் தோட்டமொன்றில் அவர் கேட்டது இடிமுழக்கமன்று. எடுத்து வாசிக்குமாறு பாடிய ஒரு குழந்தையின் குரல். ஆணோ பெண்ணோ என்றும் அறிந்திலர். கேட்டவுடன் தெய்வ வாக்கெனத் துணிந்தாருமல்லர். சிறார் விளையாட்டில் அத்தகைய பாட்டு உண்டோவென்று முதற்கண் நினைந்து பார்த்தார். இந்நிதானம் நமக்கு மிகவும் பிடித்தது. அதன் பின்னரே எழுந்து சென்று, பவுல் அப்போஸ்தலனுடைய நிருபங்களைத் திறந்தார்.