தாயின் மாத்திரையும் குறைமாதக் குழந்தையின் இதயமும்



2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்தபோதும், 2017 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளம் ஏறியபோதும் மக்கள் பாடசாலைகளிலும் விகாரைகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். இப்படி உயிர் தப்பி ஓடும் வேளையில் கர்ப்பிணித் தாயின் கிளினிக் அட்டை லயத்திலேயே கிடந்துவிடும். சிமெந்துத் தரையில் படுத்தால் இடுப்பு வலிக்கும். "இந்தா புள்ள, இதப் போடு, வலி கேக்கும்" என்று பக்கத்துப் பாயில் இருப்பவர் ஒரு மாத்திரையை நீட்டுவார். அன்பினால் கொடுப்பதுதான். ஆனாலும் அது என்ன மாத்திரை என்று அறியாமல் விழுங்கக்கூடாது. ஏன் என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

இதயத்தருகே ஒரு வாய்க்கால்

வயிற்றிலுள்ள குழந்தைக்குப் பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியாக வருகிறது. ஆகவே அதன் நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை. நுரையீரல் நாடிக்கும் பெருநாடிக்கும் இடையிலுள்ள ஒரு சிறு குழாய், வயலுக்கு வேண்டாத தண்ணீரை வாய்க்கால் திருப்பிவிடுவதுபோல், அந்த இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. புரொஸ்டகிளாண்டின் என்ற பொருளே இக்குழாயைத் திறந்து வைத்திருக்கிறது.

மாதம் நிறைந்து பிறந்த குழந்தை மூச்செடுத்ததும், இரண்டு மூன்று நாட்களில் குழாய் மூடிக்கொள்ளும். மிகவும் முந்திப் பிறந்த குழந்தைக்கு அது பெரும்பாலும் திறந்தே இருக்கும். அப்போது இரத்தம் நுரையீரலில் வந்து நிறையும்; குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் குறையும். குழந்தை மூச்சுக்குத் திணறும்.

வைத்தியர் செய்வது

பல குழாய்கள் தாமாகவே மூடுவதால் வைத்தியர்கள் சில நாள் பொறுத்துப் பார்ப்பதுண்டு. குழந்தை துன்பப்பட்டால் புரொஸ்டகிளாண்டினைக் குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். 1976இல் இண்டோமெதசின் இதற்கு உதவுவதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ஐபியூபுரோஃபன் வந்தது. 2011இல் பரசிட்டமோலும் உதவுவதாக அறிவிக்கப்பட்டது. மருந்துக்கு மூடாவிட்டால் சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

தாயின் மருந்து எங்கே குறுக்கிடுகிறது?

ஐபியூபுரோஃபன் என்பது நாம் அறிந்த "புரூபன்" மாத்திரைதான். டைக்ளோஃபெனாக்கும் அதே இனம். தாய் விழுங்கினால் அது நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளையிடம் போகும். திறந்திருக்க வேண்டிய காலத்திலேயே குழாய் சுருங்கலாம். பிள்ளையின் சிறுநீர் குறைந்து பன்னீர்க்குடத்துத் தண்ணீரும் வற்றலாம். இதனால்தான் 20 வாரத்துக்குப் பின் இவ்வகை மருந்துகளைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இல் அறிவித்தது.

இன்னொரு விடயமும் உண்டு. பிரசவ வலியை நிறுத்துவதற்காகத் தாய்மாருக்கு இண்டோமெதசின் கொடுக்கப்பட்டு, 30 வாரத்துக்குள் பிறந்த குழந்தைகளைச் சான் பிரான்சிஸ்கோ வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் குழாயை மூடச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டோர் அதிகம் என்று 1993இல் எழுதினார்கள். முன்கூட்டியே சுருங்கிப் பழுதடைந்த குழாய், பின்பு மருந்துக்கு இணங்காது என்பது ஒரு விளக்கம். பிந்திய ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே மாதிரிச் சொல்லவில்லை. எப்படியிருந்தாலும், தாய் எடுத்த மருந்து தெரிந்தால்தான் குழந்தை வைத்தியர் அதன் சிறுநீரகத்தைக் கவனித்து அளவறிந்து சிகிச்சை செய்ய முடியும்.

எல்லா மருந்தும் கெடுதல் அல்ல. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்குப் போடும் ஸ்டீரொயிட் ஊசி குழந்தையின் நுரையீரலைப் பலப்படுத்துகிறது; இதை நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்போர் 1972இல் காட்டினார்கள். குழாய் மூடவும் அது துணை செய்கிறது. அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நாம் செய்யவேண்டியவை

1. அடுத்தவர் மாத்திரையை விழுங்க வேண்டாம். வலிக்குப் பனடோல் போடுவதானாலும் மருத்துவமாதுவிடம் கேட்டு, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு எடுங்கள்.

2. பிரஷருக்காகக் கிளினிக்கில் தந்த சிறிய அஸ்பிரின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

3. எடுத்த மருந்தின் வெற்று அட்டையைப் பத்திரப்படுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். பயந்து மறைக்க வேண்டாம்.

4. கிளினிக் அட்டை தொலைந்தால், தங்கியிருக்கும் பகுதியின் மருத்துவமாதுவிடம் உடனே பதிந்து புதிய அட்டை பெறுங்கள்.

5. மாதம் நிறையுமுன் வலி வந்தாலோ, தண்ணீர் உடைந்தாலோ காத்திராமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

குழுவில் கலந்துரையாட

அ. நம் முகாமில், லயத்தில், வலிக்கு எந்த மாத்திரைகள் கைமாறுகின்றன?

ஆ. இரவில் ஒரு தாய்க்கு வலி வந்தால், பாதை வரை அவரை யார் கொண்டுசெல்வது? இன்றே பெயர் குறித்து வைப்போம்.