நோயுற்ற இறைச்சியும் மூளை நோயும்: முக்கியக் குறிப்புகள்

பிரியான்
• நியூக்ளிக் அமிலம் இல்லாத தொற்றுப் புரதம். பெயரிட்டவர்: ஸ்டான்லி புருசினர், 1982. மருத்துவ நோபல்: 1997.
• செயல்முறை: வடிவம் பிறழ்ந்த பிரியான் புரதம் (பிஆர்பி), இயல்பான பிஆர்பி புரதத்தையும் பிறழச் செய்தல். விளைவு: மூளைத்திசுவில் கடற்பஞ்சு போன்ற நுண்துளைகள்.
• இப்புரதத்தின் மரபணு: பிஆர்என்பி, 20ஆம் குரோமோசோம்.
• வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. குணப்படுத்தும் மருந்து இல்லை; நோய் தொடங்கினால் மரணம் உறுதி.

மான்
• நாட்பட்ட மெலிவு நோய் (சி.டபிள்யூ.டி): மான் இனங்களின் பிரியான் நோய்.
• முதலில் கண்டது: 1967, அமெரிக்காவின் கொலராடோ. பிரியான் வகை நோய் என உறுதியானது: 1978. ஐரோப்பாவில் முதல்: நார்வே, 2016, காட்டுக் கலைமான்.
• மனிதருக்குப் பரவியதாக உறுதியான சான்று இதுவரை இல்லை. மான் இறைச்சி உண்ட 2 அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு மூளை நோய் வந்ததாக 2024இல் ஓர் அறிக்கை. காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை. 'தொடர்பு இல்லை' என்பதும் 'தொடர்பு நிறுவப்படவில்லை' என்பதும் வேறு வேறு.
• நோய் உறுதியான மானை உண்ணக் கூடாது: அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் (சிடிசி) அறிவுரை.
• இந்தியாவில் வேட்டைத் தடை: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 9.

மாடு, மனிதன், ஆடு
• பித்துப்பசு நோய் (பி.எஸ்.இ): பிரிட்டன், 1986. காரணம்: இறைச்சி, எலும்புத் தூள் கலந்த மாட்டுத் தீவனம்.
• மாட்டிறைச்சி வழியே மனிதருக்கு: மாறுபட்ட குரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் (வி.சி.ஜே.டி). அறிவிப்பு: மார்ச் 1996. பிரிட்டனில் மொத்தம் 178 பேர். விலங்கிறைச்சியால் பிரியான் நோய் வரும் என்பதற்கு உறுதியான ஒரே சான்று.
• குரு நோய்: பப்புவா நியூ கினியின் ஃபோரே மக்கள், இறந்த உறவினர் உடலை உண்ட சடங்கு. ஆய்வாளர்: கார்ல்டன் கஜ்டுசெக், நோபல் 1976.
• ஸ்க்ரேப்பி: செம்மறியாட்டின் பிரியான் நோய். இந்தியாவில் பதிவு: இமயமலை அடிவாரம், 1961.
• இந்தியாவில் பித்துப்பசு நோய்: பதிவு இல்லை.

தமிழ்நாட்டின் நோய் ஆய்வு நிறுவனம்: அம்பத்தூர், ஆவடி
• தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் (என்.ஐ.இ): அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) அமைப்பு. தோற்றம்: 2 ஜூலை 1999.
• இணைந்து உருவானவை 2: ஜால்மா தொழுநோய் நிறுவனத்தின் ஆவடி களப்பிரிவு, சென்னை மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனம்.
• கோரக்பூர் மூளை அழற்சிக்கு ஸ்க்ரப் டைபஸ் முக்கியக் காரணம் எனக் காட்டிய ஆய்வுகளில் என்.ஐ.இ-க்குப் பங்கு. ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது சிற்றுண்ணியின் இளவுயிரி, உணவு அல்ல.

பன்றி நாடாப்புழு: தமிழ்நாட்டுக்கு மிக நெருங்கிய மூளை நோய்
• உயிரி: டீனியா சோலியம். முதன்மை ஓம்புயிரி: மனிதன். இடைநிலை ஓம்புயிரி: பன்றி.
• நோயுற்ற பன்றி இறைச்சியின் அடையாளம்: தசைக்குள் அரிசிமணி அளவில் வெண்ணிற நீர்க்கட்டிகள்.
• இந்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்டால்: குடலில் நாடாப்புழு. மூளை நோய் நேரடியாக வராது.
• புழுவின் முட்டையை விழுங்கினால்: இளவுயிரி இரத்தம் வழியே மூளைக்கு. நோய்: நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். முதன்மை அறிகுறி: வலிப்பு.
• முட்டை வரும் வழி: புழு உள்ளவரின் மலம், கழுவாத கை, மண் ஒட்டிய கொத்தமல்லிக் கட்டு, புதினா, முள்ளங்கி, கேரட்.
• எனவே பன்றி இறைச்சியைத் தொடாத சைவருக்கும் வரும். இந்தத் தலைப்பின் மிக முக்கியக் குறிப்பு இது.
• வாழ்க்கைச் சுழற்சியை மெய்ப்பித்தவர்: ஃபிரீட்ரிக் கூகன்மைஸ்டர், 1855. மரண தண்டனைக் கைதிக்கு நீர்க்கட்டி கலந்த உணவு கொடுத்துச் செய்த சோதனை.
• இந்தியாவில் முதல் பதிவு: மதராஸ், 1888. வலிப்பால் இறந்த கூலித் தொழிலாளி. பதிவு செய்தவர்: ஆம்ஸ்ட்ராங்.
• வேலூர் சி.எம்.சி. கள ஆய்வு (2006): வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்.
• வெப்பம்: நீர்க்கட்டி நன்கு வேகவைத்தால் அழியும், பிரியான் அழியாது.
• மருந்து: ஆல்பெண்டசோல், பிராசிகுவாண்டெல். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். கட்டி அழியும்போது மூளை வீக்கம் கூடும்.
• தடுப்பு: கழிப்பறை, கைகழுவல், பன்றியை அலையவிடாமல் கட்டி வளர்த்தல்.
• தடுப்பூசி: மனிதருக்கு இல்லை, பன்றிக்கு உண்டு. பெயர்: சிஸ்வாக்ஸ். தயாரிப்பு: இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ், ஹைதராபாத்.