இன்ஜினுக்கு முன் பிரேக்

கேள்வி: பழைய மாருதி 800-ஐ ட்ராக் ரேஸ் காராக மாற்றுகிறேன். இன்ஜின் வேலையை முதலில் முடித்துவிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம். உங்கள் ஊர் ரேஸ் வீரர் கரிவர்தன் 1988-ல் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி ரேஸ் காரே இந்த 800-ன் இன்ஜினில்தான் ஓடியது. கற்றுக்கொள்ள அந்தச் சக்தி தாராளம். பணத்தை முதலில் ரோல் கேஜ், சீட் பெல்ட், பிரேக்கில் போடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை தாங்கும். நன்றாக ஈரமேறியது 155-ஐத் தாண்டினாலே கொதிக்கக்கூடும். அப்போது பெடல் தரைவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது.

இவை முடிந்தபின் ட்ராக்கில் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்ததும் டயரின் உள், நடு, வெளிப் பகுதிச் சூட்டை அளந்து எழுதுங்கள். நடுப்பகுதி மட்டும் கூடுதலாகச் சுட்டால் டயரில் காற்று அதிகம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்தான். சோதனையெல்லாம் செட்டிபாளையம் ட்ராக்கில் நடக்கட்டும். பொதுச்சாலையில் ஒருபோதும் வேண்டாம்.