நுண்ணிய மின்னழுத்தங்களை அளத்தல்: கல்முனைக் கரையிற் கற்ற பாடம்

எமது கல்லூரியின் பௌதிக ஆய்வுகூடத்திலே, நான்கு மீற்றர்க் கம்பி பொருத்திய அழுத்தமானிப் பலகையின் முன் நின்று, தொடுசாவியை இங்குமங்கும் தொட்டுக் கல்வனோமானியின் ஊசி அசையாத இடத்தைத் தேடாத விஞ்ஞான மாணவர் எவரும் இரார். ஊசியோடு பொறுமையிழந்து, "இதனை அளந்து யாருக்கென்ன பயன்?" என்று வாய்க்குள் முணுமுணுத்தோரும் உளர், அவர்களுள் நாமும் ஒருவரே. அவ்வினாவுக்கு விடை எமக்குப் பல்லாண்டுகள் கழித்து, கல்முனைப் பகுதியின் மணற்றரையிலே கிடைத்தது. அதனை இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவருக்கும், இன்று அப்பலகையின் முன் நிற்கும் மாணவருக்கும் கூற விழைகின்றோம்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையினால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமாகும். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோரம் தொடர்ந்து செல்லும் ஊர்களிலே உயிர் தப்பியோருக்கு அடுத்து வந்த இடர் குடிநீர் இன்மை. வீட்டுக்கு வீடு இருந்த கிணறுகளிற் கடல்நீர் புகுந்துவிட்டது. இக்கரையின் நன்னீர் எத்தகையதென அறிந்தாலே இவ்விடரின் அளவு விளங்கும். மழைநீர் மணலுள் இறங்கிக் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஆதலால், நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீற்றர் உயர்ந்து நிற்குமிடத்து, அதன் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், பின்னர் 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் கண்ட கணக்கு இது. இக்கணக்கின் மறுபக்கமோ அச்சந் தருவது. கிணற்றை ஓயாது இறைத்து நீர்மட்டத்தை 10 சதமமீற்றர் தாழ்த்தினால், கீழிருக்கும் உவர் காலப்போக்கில் 4 மீற்றர் மேலெழக்கூடும். பழுதான கிணற்றை இயந்திரம் வைத்து இறைத்து இறைத்துத் தூய்மையாக்க முயன்ற பலர் ஏமாற்றமடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, புதுக்கிணறு எங்கே தோண்டலாம், எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டலாம் என்பதைத் தோண்டாமலே அறிதல் வேண்டும். அதற்குரிய வழி நிலத்தின் மின்தடைத்திறனை அளத்தலாகும். அமெரிக்கரான பிராங் வென்னர் 1915ஆம் ஆண்டளவில் வகுத்த முறையே எளிதானது. ஒரே நேர்கோட்டிலே சம இடைவெளியில் நான்கு முளைகளை அறைந்து, வெளி முளைகள் இரண்டினூடாக மின்னோட்டத்தைச் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளத்தல் வேண்டும். இடைவெளியை மீற்றரிற் கொண்டு, அதனை 2π ஆற் பெருக்கி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்து வருவதோடு மீண்டும் பெருக்கினால் தடைத்திறன் கிடைக்கும். முளைகளின் இடைவெளியை அகற்ற அகற்ற மின்னோட்டம் ஆழமாகச் சென்று, ஆழத்திலுள்ளதையும் அறிவிக்கும். நன்னீர் ஊறிய மணலுக்குப் பல பத்து ஓம்-மீற்றர் தடைத்திறன் உண்டு; கடல்நீர் ஊறிய மணலுக்கு இரண்டு மூன்று ஓம்-மீற்றருக்கு மேலிராது. கூலியாட்களின்றி, ஒரு சில இருப்பு முளைகளோடும் இரண்டு சேமிப்புக்கலங்களோடும் செய்யத்தக்க வேலை என்பதே இதன் சிறப்பு.

ஆயின், இங்கே அளக்கவேண்டிய அழுத்தம் எத்துணைச் சிறியது என்பதைக் கணித்துப் பாருங்கள். முளைகளின் இடைவெளி 20 மீற்றர், ஓட்டம் 20 மில்லியம்பியர், நிலம் 60 ஓம்-மீற்றர் எனின் எமக்குக் கிடைப்பது 9.5 மில்லிவோல்ற்று. நிலம் உவரூறி 2 ஓம்-மீற்றராயின் கிடைப்பது 0.32 மில்லிவோல்ற்று மாத்திரமே. நிலம் எவ்வளவுக்குக் கெட்டிருக்கின்றதோ அவ்வளவுக்கு அளவீடு அரிதாகின்றது.

எமது தவற்றை இங்கு மறையாது கூறிவிடுகின்றோம். 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி, நல்ல கோடை, மேல்மணல் சுடுசாம்பல் போல் உலர்ந்து கிடந்தது. சாய்ந்தமருதுப் பக்கத்தில் ஒரு வீட்டு வளவிலே முளைகளை 5 மீற்றர் இடைவெளியில் அறைந்தோம். அவ்வீட்டு உம்மா வேலியோரம் நின்று, "மகன், நல்ல தண்ணி வருமா எண்டு பாத்துச் சொல்லுங்க, கைக்குழந்தை இருக்கிற வீடு" என்றார். வெளி முளைகளின் அடியிற் கடல்நீர் ஊற்றினோம். ஊற்றாவிடில் 24 வோல்ற்று கொடுத்தும் 10 மில்லியம்பியர் ஓடாது. உள் முளைகளுக்கு ஊற்றவில்லை. அவை ஓட்டத்தைச் செலுத்துவன அல்லவே, அவற்றுக்கு ஈரம் எதற்கு என்று எண்ணினோம். எம்மிடம் இருந்தது ஊசிப் பல்மானி. வோல்ற்றுக்கு 20,000 ஓம் என்று முகப்பிற் பொறித்தது. அக்காலத்தில் நல்ல மானி என்றே அதனை மதித்திருந்தோம். 0.1 வோல்ற்று அளவிடையில் ஊசி ஒரு பிரிவளவே அசைந்தது, ஓட்டத்தின் திசையை மாற்றியும் பார்த்துச் சராசரி எடுத்தோம், 2.3 மில்லிவோல்ற்று என மதித்தோம். தடைத்திறன் 7 ஓம்-மீற்றருக்குச் சற்று மேலாக வந்தது. "உவர் கலந்திருக்கின்றது, இங்கே தோண்டவேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அக்குடும்பத்தார் எமது சொல்லை நம்பி, மேலும் சில மாதங்கள் வண்டியில் வரும் நீருக்கு வாளியோடு வரிசையில் நின்றனர்.

பிழை எங்கே? வோல்ற்றுக்கு 20,000 ஓம் என்பது 0.1 வோல்ற்று அளவிடையில் வெறும் 2,000 ஓம் ஆகும். உலர்ந்த மணலில் நிற்கும் ஒரு முளையின் தொடுகைத் தடை 10,000 ஓம். இரண்டுக்கும் 20,000 ஓம். ஆகவே நிலம் கொடுத்த அழுத்தம் 22,000 ஓமில் பரவி, மானியின் பங்குக்குப் பதினொன்றில் ஒன்றே கிடைத்தது. உண்மை அழுத்தம் 25 மில்லிவோல்ற்றுக்கு மேல். உண்மைத் தடைத்திறன் 80 ஓம்-மீற்றர். கீழே இருந்தது நன்னீரே. மானி பொய் சொல்லவில்லை. தன்னிடம் வந்து சேர்ந்ததைச் சரியாகவே சொல்லிற்று. கேட்டவர் எதனைக் கேட்கின்றோமென அறியாது கேட்டனர்.

மின்சுற்றினின்று மானி எடுத்துக்கொள்ளும் ஓட்டம் அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடும் என்பதை உயர்தர வகுப்பில் எல்லோரும் படித்தே வருகின்றோம். வோல்ற்றுமானியின் தடை மூலத்தின் அகத்தடையிலும் மிகப் பெரிதாய் இருத்தல் வேண்டும். நூறு மடங்காயின் நூற்றுக்கு ஒன்றளவு பிழை, ஆயிரம் மடங்காயின் ஆயிரத்துக்கு ஒன்று. ஆகையால், நுண்ணிய அழுத்தத்துக்கு மானி தெரிவோர் முதலிற் கேட்கவேண்டியது, "இது எத்தனை மில்லிவோல்ற்றைக் காட்டும்?" என்பதன்று; "எனது மூலத்தின் தடை என்ன?" என்பதே. இன்று கடைகளில் மலிவாய்க் கிடைக்கும் இலக்கமுறைப் பல்மானிகளிற் பெரும்பாலானவற்றின் உள்ளீட்டுத் தடை 10 மெகாஓம். எமது 20,000 ஓம் மூலத்துக்கு அது ஐந்நூறு மடங்கு. அதே மானியைக் கண்ணாடி மின்வாயில் இணைத்தாலோ மீண்டும் அதே பதினொன்றில் ஒரு பங்கே கிடைக்கும். அமிலத்தன்மையை அளக்கும் அம்மின்வாய் 25 பாகை வெப்பத்தில் ஒவ்வொரு பீஎச் அலகுக்கும் 59 மில்லிவோல்ற்றைத் தாராளமாகத் தருவது. ஆனால் அதன் தடை 100 மெகாஓம் வரை செல்லும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்ட நண்பருக்காக 1934இல் ஆர்னல்ட் பெக்மன் வெற்றிடக் குழாய் பெருக்கியோடு கருவியொன்றை அமைத்தது இக்காரணத்தினாலேயே.

"அழுத்தமானி சமநிலையில் ஓட்டமே எடுப்பதில்லையே, அதனைக் கொண்டு சென்றிருக்கலாமே" என்று கூர்ந்த மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. சமநிலையிற் பிழை இராது என்பது உண்மை. ஆனால் சமநிலையைக் காணக் கண் வேண்டுமல்லவா? ஆய்வுகூடத்து மேசைக் கல்வனோமானி ஐந்து மைக்கிரோ அம்பியருக்குக் குறைந்த ஓட்டத்தை உணர்வது அரிது. 20,000 ஓமினூடாக ஐந்து மைக்கிரோ அம்பியர் ஓட 100 மில்லிவோல்ற்று வேண்டும். எமது 25 மில்லிவோல்ற்றுக்கு ஊசி கம்பி முழுவதும் அசையாமலே இருந்திருக்கும். எங்கும் சமநிலை என்று மகிழ்ந்திருப்போம்! விளக்கும் அளவுகோலும் கொண்ட ஆடிக் கல்வனோமானி ஆயின் இதற்குப் போதும். 1858இல் அத்திலாந்திக் கடலடிக் கம்பியின் மெலிந்த சமிக்ஞைகளைப் படித்தது வில்லியம் தொம்சனின் அத்தகைய கருவியே. ஆனால் அதனை மணற்காற்றிலே தூக்கித் திரிதல் இயலாது.

அழுத்தமானிக்கு ஏற்ற இடம் தடை குறைந்த மூலமாகும். வெப்பவிணையே தக்க எடுத்துக்காட்டு. 8 ஓம் தடையுள்ள நான்கு மீற்றர்க் கம்பியோடு 1,992 ஓமைத் தொடராக இணைத்து 2 வோல்ற்று கொடுத்தால், ஓட்டம் 1 மில்லியம்பியர். கம்பியில் ஒரு சதமமீற்றருக்கு 20 மைக்கிரோவோல்ற்று. செம்பு-கொன்சுதந்தன் விணையின் ஒரு சந்தி பனிக்கட்டியிலும் மற்றது கொதிநீரிலும் இருக்கத் தோன்றும் 4.28 மில்லிவோல்ற்று, 214ஆம் சதமமீற்றரிற் சமப்படும். ஒரு பனிக்கட்டிக் குவளையும் நீண்ட கம்பியும் வைத்துக்கொண்டு இவ்வளவு நுட்பம் அடையலாம் என்பது எமக்கு இன்றும் வியப்பே.

நுண்ணளவீட்டின் மற்றைய பகை, வேண்டாத அழுத்தங்கள். ஈரமண்ணில் நிற்கும் இரும்பு முளை தானே ஒரு மின்கலமாகி, பத்துக்கணக்கான மில்லிவோல்ற்றைத் தோற்றுவிக்கும்; அதுவும் நிலையாய் நில்லாது நகரும். 0.32 மில்லிவோல்ற்றைத் தேடுவோருக்கு இது கடலிரைச்சலில் ஊசி விழும் ஓசையைக் கேட்பது போன்றது. ஓட்டத்தின் திசையை மாற்றி இரு அளவீடுகளின் வித்தியாசத்திற் பாதியை எடுத்தால் நிலையான பகுதி நீங்கும். நகரும் பகுதி நீங்க விரைவாக, பலமுறை மாற்றுதல் வேண்டும். இணைப்புகளில் வெயில் படுவதும் தீது. செம்பும் இரும்பும் சந்திக்குமிடத்தில் ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குப் பன்னிரண்டு மைக்கிரோவோல்ற்று அளவு பிறக்கும். செம்பின்மேற் களிம்பேறியிருப்பின் அது ஒரு மில்லிவோல்ற்றை எட்டவுங்கூடும். வீடுகள் நெருங்கிய கல்முனை போன்ற நகரிலே 50 சுழற்சி மின்சாரத்தின் கசிவும் நிலத்தில் உண்டு. இருபது மில்லிசெக்கன், அல்லது அதன் மடங்கான காலம் கூட்டிச் சராசரி எடுக்கும் இலக்கமுறை மானி இதனைத் தானே நீக்கிவிடும்; வாங்கும்போது கேட்டு அறிதல் நன்று.

இனி, விலை. 200 மில்லிவோல்ற்று அளவிடையில் 0.1 மில்லிவோல்ற்று வரை காட்டும் எளிய மானி 0.32ஐ 0.3 என்றே காட்டும். கடைசி இலக்கத்தில் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். அதாவது தடைத்திறன் 1.3இலிருந்து 2.5 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆய்வுக் கட்டுரைக்கு இது போதாது. "கீழே உவரா, நன்னீரா?" என்று கேட்கும் வீட்டாருக்கோ இது தாராளமாகப் போதும், 1.3 உம் உவர், 2.5 உம் உவர். பத்து மடங்கு விலைகொடுத்து மைக்கிரோவோல்ற்று மானி வாங்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

அவ்வீட்டுக்கு நாம் மீண்டும் சென்றோம். உள் முளைகளைச் சுற்றியும் நீர் ஊற்றி, ஓர் ஈரம் மற்றதைத் தொடாதவாறு பார்த்து, இலக்கமுறை மானியால் அளந்தபோது 25.4 மில்லிவோல்ற்று. கிணறு ஆழமின்றி வெட்டப்பட்டது. இயந்திரம் வைக்கவேண்டாம், வாளியால் அள்ளுங்கள் என்று சொன்னோம். உம்மா முதற் குவளை நீரை எமக்கே தந்தார். எமது பழைய வார்த்தையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரும்பு முளைக்குப் பதிலாக உள் மின்வாய்களாகப் பயன்படுத்த, மெருகிடாத சிறு மண்முட்டிகளிலே மயில்துத்தத்தின் நிரம்பிய கரைசலை ஊற்றிச் செப்புக்கம்பி தோய்த்துக்கொள்ளலாம். அடியில் கரையாத துத்தப் பளிங்குகள் சிறிது எப்போதும் கிடத்தல் வேண்டும். புறப்படுமுன் இரு முட்டிகளையும் ஒரே கரைசலில் அருகருகே நிறுத்தி இடையழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டு மில்லிவோல்ற்றுக்கு மேற் காட்டினால், கம்பிகளை உரைதாளால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடியும் நிறுத்துங்கள்.